வகுப்பைப் பதிவு செய்து இணையத்தில் போடுவது: மைக், கோப்பளவு, அனுமதி (பாலக்காடு, மூணாறு, ஆந்திரக் குப்பம் பக்கத்தவர்கள் வாங்க)

#1 சோகநாசினிக்கரை

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் எம்.ஏ. தமிழ் வகுப்பு. ஒரு தாள் முழுவதையும் பதிவு செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கணும். மொத்தம் 40 வகுப்பு, ஒவ்வொன்றும் 50 நிமிடம். பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, முதலமடைக்காரங்க. மீதிப் பேர் நெல்லியாம்பதி, மூணாறு எஸ்டேட். அங்கே சிக்னல் எப்படின்னு சொல்லத் தேவையில்லை.

கையில் இருப்பது: ஆண்ட்ராய்டு போன் இரண்டு, ஒரு ட்ரைபாட், துறையின் பழைய லேப்டாப். செலவு 5,000 ரூபாய்க்குள் முடியணும். பெரும்பாலும் கரும்பலகைதான், சில நாள் ஸ்லைடு. கூரை ஷீட்டு, தலைக்கு மேல் நாலு ஃபேன், இரண்டு பக்கமும் ஜன்னல்.

என்ன வாங்கணும், எந்த அளவில் சேமிக்கணும், எங்கே ஏத்தணும்? உரிமை, அனுமதி பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 காலர்மைக்

டீச்சர், காமிராவை ஒதுக்கி வையுங்க. படம் மங்கலா இருந்தாலும் பிள்ளைங்க பார்ப்பாங்க. குரல் தெளிவில்லைன்னா அஞ்சாவது நிமிஷம் மூடிடுவாங்க. பணத்தை மைக்கில் போடுங்க.

கணக்கு எளிது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். ஃபேன் சத்தமும் அறை எதிரொலியும் அப்படியே நிற்கும். ட்ரைபாடில் உள்ள போன் 4 மீட்டர் தள்ளி இருக்கு, காலர் மைக் 20 சென்டிமீட்டரில் இருக்குன்னா தூரம் 20 மடங்கு, வித்தியாசம் சுமார் 26 டெசிபல். இதை எந்த மென்பொருளாலும் பின்னாடி ஈடுகட்ட முடியாது.

ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் வயர் வெச்ச காலர் மைக் கிடைக்கும். போயா பிஒய்-எம்1 மாதிரி ஒன்று போதும், 6 மீட்டர் வயர் வரும். அதில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், போனுக்குன்னா போன் பக்கம் தள்ளி வைக்கணும். காமிரா பக்கம் இருந்தால் குரல் சரியா வராது, மைக் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுத் திருப்பி அனுப்புவாங்க.

பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கான்னு பாருங்க. இரண்டு வளையம்தான் இருக்குன்னா அது காமிராவுக்கான பிளக். போனில் செருகினால் போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும், நமக்குத் தெரியவே தெரியாது. சோதிக்க ஒரே வழி: பதிவு ஓடும்போது காலர் மைக்கை நகத்தால் சுரண்டுங்க. அந்தக் கரகர சத்தம் பெரிசா விழுந்தால் சரி, இல்லைன்னா பிளக்கு தகராறு. வட்ட ஜாக் இல்லாத போன்னா டைப்-சி மாற்றி வேணும். உள்ளே ஒலி சிப் இருக்கும் மாற்றியா கேட்டு வாங்குங்க, சும்மா கம்பி மட்டும் உள்ளது பல போனில் வேலை செய்யாது.

காதில் மாட்டும் ப்ளூடூத் இயர்போனை மைக்காகப் பயன்படுத்த வேண்டாம். பேச்சுக்கு மாறினதும் அது ஒலியின் மாதிரி எடுப்பு வேகத்தை (sampling rate) 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிடும். சாதாரண பேச்சுக்கு ஓடும். ழகர ளகரம் சொல்லிக் கொடுக்கிற வகுப்புக்கு அது அநியாயம்.

#3 மூணாறு லயம்

கேக்குறவன் பக்கத்திலிருந்து ஒண்ணு சொல்றேன். நிறைய பேர் கையில் இருக்கிற நெட் பேக், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதிலேயே வீட்டுல மூணு பேர். லயத்துல (எஸ்டேட் வரிசை வீட்டுல) ஒரு மூலைல நின்னா ரெண்டு புள்ளி சிக்னல், உள்ளே போனா அதுவும் இல்லை. 1080 வீடியோ ஏத்தி வெச்சா அது எங்களுக்கு இல்லாத மாதிரிதான்.

ஒலியை மட்டும் தனிக் கோப்பா கொடுங்க. கூடவே அன்னைக்குப் பலகையில் எழுதினதைப் போட்டோ எடுத்து ஒரு பிடிஎஃப். பாதி வகுப்புக்கு வீடியோவே வேண்டியதில்லை.

#4 காலர்மைக்

#3 தம்பி சொன்னதுதான் சரியான தொடக்கம். கணக்கைப் போடலாம், எல்லாம் 50 நிமிடத்துக்கு:

போன் காமிரா 1080, நொடிக்கு 17 மெகாபிட்: ஏறத்தாழ 6.4 ஜிபி.
720 வீடியோ, படம் 600 கிலோபிட், ஒலி 48 கிலோபிட்: 243 எம்பி.
ஏஏசி ஒலி மட்டும், மோனோ 48 கிலோபிட்: 18 எம்பி.
ஓபஸ் ஒலி மட்டும், 24 கிலோபிட்: 9 எம்பி.

40 வகுப்பும் ஓபஸில் 360 எம்பி. 720 வீடியோன்னா 9.7 ஜிபி.

பதிவு செய்யும்போது மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒலியை வேவ் கோப்பாகவே எடுங்க: 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. வகுப்புக்கு 288 எம்பி, 40 வகுப்புக்கு 11.5 ஜிபி. ஒரு 16 ஜிபி பென் டிரைவில் அடங்கிடும். மூலக் கோப்பை அப்படியே வெச்சுக்கிட்டு, கொடுப்பதைச் சுருக்கிக் கொடுங்க. சுருக்கினதை மறுபடி சுருக்கினா குரல் தண்ணிக்குள்ளிருந்து வர்ற மாதிரி ஆகும்.

#5 குப்பம்_ரயிலடி

ஓபஸ் சின்னதுதான், ஆனா பழைய ஐபோனில் கோப்பைத் தொட்டால் திறக்காது. வாட்ஸ்ஆப் குரல் செய்தியே ஓபஸ்தான்னு சிலர் வாதம் பண்ணுவாங்க, அது வாட்ஸ்ஆப் உள்ளே ஓடுது, வெளியே எடுத்தா கதை வேற. எல்லார் போனிலும் பிரச்சினை இல்லாமல் ஓட எம்4ஏ (ஏஏசி ஒலிக் கோப்பு) கொடுங்க. 18 எம்பி ஒன்றும் கொள்ளை போகாது.

வாட்ஸ்ஆப்பில் வீடியோவைக் கேலரியிலிருந்து அனுப்பினால் அது தானாகவே நசுக்கும், பலகை எழுத்து போயிடும். டாக்குமென்ட் வழியாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், 2 ஜிபி வரை. டெலிகிராமிலும் இலவசக் கணக்குக்கு ஒரு கோப்பு 2 ஜிபிதான். டெலிகிராம் சேனலில் ஒரு வசதி, தாமதமாகச் சேர்ற பிள்ளைக்கும் பழைய வகுப்பெல்லாம் வரிசையாக் கிடைக்கும். வாட்ஸ்ஆப் குழுவில் அப்படி எல்லாமே தானாக் கிடைக்காது.

மூடில் (Moodle) பாடத் தளம் வெச்சிருக்கிற கல்லூரின்னா கோப்பை அதில் ஏத்தாதீங்க, இணைப்பு மட்டும் போடுங்க. சர்வரில் பிஎச்பி-யின் தொடக்க வரம்பு 2 எம்பி, நிர்வாகி மாத்தாவிட்டா 18 எம்பியும் ஏறாது.

#6 சோகநாசினிக்கரை

ரொம்ப உபகாரம். அப்படின்னா ஒலிதான் முதல், வீடியோ இரண்டாவது. ஆனா யாப்பு வகுப்பில் பலகை வேணும்: அசை பிரிக்கிறதை வரிசையாப் பார்த்தால்தான் புரியும். அந்தப் பத்துப் பன்னிரண்டு வகுப்புக்கு வீடியோ எப்படி எடுப்பது? ஃபேன், காத்து இதுக்கு என்ன வழி?

#7 காலர்மைக்

காத்தும் ஃபேனும் ரெண்டு தனித்தனி நோய், மருந்தும் தனித்தனி.

ஃபேன் சத்தம்ங்கிறது ஒலி. ஃபேன் காத்து மைக் மேல அடிக்கிறது வேற, அது டபடபன்னு விழும். முதலாவதுக்கு: ஆசிரியர் தலைக்கு மேல் உள்ள ஃபேனை மட்டும் நிறுத்துங்க, பிள்ளைகள் பக்கம் ஓடட்டும். இரண்டாவதுக்கு: மைக் தலையில் ஸ்பாஞ்சு உறை. ஜன்னல் காத்து நேரா அடிக்கிற இடம்னா ரோமம் வெச்ச உறை, நூறு இருநூறு ரூபாய்.

பாலக்காட்டுக் கணவாய் காத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேற்கிலிருந்து, டிசம்பர் ஜனவரியில் கிழக்கிலிருந்து. சீசனைப் பார்த்து எந்தப் பக்க ஜன்னலைச் சாத்தணும்னு முடிவு பண்ணுங்க, ரெண்டையும் சாத்தினா புழுங்கிடும்.

ஷீட்டுக் கூரையில் மழை விழுந்தால் மல்லுக்கட்டாதீங்க. அந்தச் சத்தம் குரல் இருக்கிற எல்லா அலைவரிசையிலும் பரவி இருக்கும், பிரிக்க முடியாது. பதிவை நிறுத்திட்டு, விட்டுப்போன பகுதியைச் சாயங்காலம் தனியா பத்து நிமிஷ ஒலியாப் பேசி ஒட்டிடுங்க.

அளவு: சாதாரணமாப் பேசும்போது மீட்டர் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கணும். செய்யுளை ஓசையோட வாசிக்கும்போது குரல் ஏறும், அதுக்கு அந்த இடைவெளி வேணும். பூஜ்யத்தைத் தொட்டு வெட்டுப்பட்ட ஒலி திரும்ப வராது. குறைவா எடுத்ததை ஏத்திக்கலாம்.

வகுப்பு தொடங்கும் முன் யாரும் பேசாமல் 10 நொடி பதிவு செய்யுங்க. ஆடாசிட்டியில் (இலவச ஒலி எடிட்டர்) இரைச்சல் குறைப்புக்கு அந்த வெறும் இரைச்சல் துண்டு வேணும். வரிசை இப்படி: முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டு, அப்புறம் இரைச்சல் குறைப்பு 6 முதல் 8 டெசிபல், கடைசியில் ஒலியளவைச் சமன் செய்வது, மைனஸ் 16 லஃப்ஸ் (LUFS, கேட்கும் ஒலியளவின் அலகு). இரைச்சல் குறைப்பில் சில பதிப்பில் மென்பொருளே 12 காட்டும், அதை அப்படியே அழுத்தாதீங்க. தமிழுக்கு அது கூடுதல். ழகரத்தை ஆங்கில ஆர் போல ஒலிக்க வைக்கிற அந்த மூன்றாம் ஒத்ததிர்வு 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறங்கி நிற்கும், ளகரத்துக்கும் லகரத்துக்கும் உள்ள பேதமும் அந்த வட்டாரத்துலதான். ஃபேன் இரைச்சலைத் துடைக்கிறேன்னு அதையும் சேர்த்துத் துடைச்சா, 'வாழை', 'வாளை', 'வாலை' மூணும் ஒண்ணாயிடும்.

#8 குப்பம்_ரயிலடி

வீடியோ என் பங்கு.

போனில் ஓப்பன் காமிரா செயலி இலவசம். அதில் ஒலி மூலத்தை வெளி மைக்னு தேர்ந்தெடுக்கலாம், வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டலாம். பூட்டாவிட்டால் ஆசிரியர் வெள்ளைச் சட்டையோட குறுக்கே நடக்கும்போதெல்லாம் பலகை இருண்டு இருண்டு தெளியும்.

ட்யூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் கருப்புப் பட்டை ஓடுதுன்னு புகார் நிறைய வரும். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்றா இருந்தால் பட்டை வராது. அறுபதில் ஒன்றுன்னா வரும். செயலியில் ஆன்டி-பேண்டிங் 50 ஹெர்ட்ஸ்னு ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போடுங்க.

போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்க. நடுவில் அழைப்பு வந்தால் சில போனில் பதிவு நின்றுவிடும். மெமரி கார்டு ஃபேட்32-ல் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. 17 மெகாபிட் வேகத்தில் அது 34-ஆவது நிமிஷத்தில் வரும். சில செயலி அங்கே புதுக் கோப்பு தொடங்கும், சிலது சத்தமில்லாமல் நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் ஆக மாத்துங்க, அல்லது போனின் உள் நினைவகத்திலேயே எடுங்க.

பலகை: காமிரா பிடிக்கிற எல்லையைச் சாக்பீஸால் நாலு மூலையிலும் குறிச்சிடுங்க. அகலம் 2.4 மீட்டர், உயரம் 1.35 மீட்டர் எடுத்தால் 720 படத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 5 புள்ளிக்குக் கொஞ்சம் மேல். 5 செ.மீ. உயர எழுத்துக்கு 27 புள்ளி கிடைக்கும், ண, ன சுழி எண்ணிப் பார்க்கலாம். அதே எழுத்து 480 படத்தில் 18 புள்ளி, சுழி கொழகொழன்னு ஆயிடும். அதனால யாப்பு வகுப்புக்கு 720-க்குக் கீழே இறங்காதீங்க, வேணும்னா பிரேமைக் குறைங்க. பலகைப் படத்துக்கு நொடிக்கு 15 பிரேம் தாராளம்.

காமிராவை ஜன்னலைப் பார்த்து வைக்காதீங்க. ஜன்னல் காமிராவுக்கு முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

#9 குப்பம்_ரயிலடி

விட்டுப்போச்சு. இரண்டு போன் இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. ஒன்று ட்ரைபாடில் படம் எடுக்கட்டும். காலர் மைக்கை இன்னொரு போனில் செருகி அதைப் பையில் போட்டுக்குங்க. வயர் காலில் சிக்காது, வயர்லெஸ் மைக்கும் வாங்க வேண்டாம். தொடக்கத்தில் காமிரா முன்னால் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு. முதல் தட்டில் ஒலியையும் படத்தையும் பொருத்துங்க. கடைசித் தட்டில் விலகல் தெரியும். ரெண்டு போனின் கடிகாரமும் லட்சத்தில் 5 பங்கு வேறுபட்டாலே 50 நிமிஷத்தில் 0.15 நொடி, 30 பிரேம் படத்தில் நாலைந்து பிரேம். உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். அந்த அளவு ஒலியை நீட்டியோ சுருக்கியோ விடணும்.

விலகல் அதைவிடப் பெரிசா, ஒரு நொடி ரெண்டு நொடின்னு வந்தால் காரணம் வேற: போன் வீடியோவின் பிரேம் வேகம் நிலையா இருக்காது, வெளிச்சம் குறைஞ்சா தானே குறைச்சுக்கும். எடிட் பண்ணும் முன் ஹேண்ட்பிரேக்கில் (வீடியோ மாற்றும் மென்பொருள்) 'நிலையான பிரேம் வேகம்' போட்டு ஒரு முறை மாத்துங்க. கொடுக்கிற கோப்புக்கு எச்.264, தரம் 26, அப்புறம் 'வெப் ஆப்டிமைஸ்டு' கட்டத்தில் டிக். அந்த டிக் இல்லைன்னா கோப்பின் அட்டவணை கடைசியில் உட்கார்ந்திருக்கும், முழுசா இறங்கின பிறகுதான் பல செயலியில் ஓடத் தொடங்கும். மூணாறு தம்பிக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ஸ்லைடு நாளில் காமிராவே வேண்டாம். லேப்டாப்பில் ஓபிஎஸ் (திரையைப் பதிவு செய்யும் மென்பொருள்), 1280-க்கு 720, 10 பிரேம். பதிவு வடிவம் எம்கேவி வையுங்க. சாதாரண எம்பி4-ல் நேரடியா எடுத்துட்டிருக்கும்போது கரண்ட் போய் லேப்டாப் அணைஞ்சா முழுக் கோப்பும் திறக்காது. எம்கேவி-ன்னா அதுவரை எடுத்தது இருக்கும். வகுப்பு முடிஞ்சதும் கோப்பு மெனுவில் ரீமக்ஸ் (உறை மட்டும் மாற்றுவது) கொடுத்தால் ஒரு நிமிஷத்துக்குள் எம்பி4 ஆயிடும், தரம் குறையாது.

பாமினி எழுத்துருவில் அடிச்ச பழைய ஸ்லைடுன்னா வேற மெஷினில் ஆங்கிலக் குப்பையாத் தெரியும். யூனிகோடுக்கு மாத்துங்க, நேரமில்லைன்னா பிடிஎஃப் ஆக்கி அதைக் காட்டுங்க.

#10 நூலக_மாஷ்

எங்கே ஏத்துவது என்ற கேள்விக்கு.

யூடியூப்: புதுக் கணக்கில் போன் எண்ணைச் சரிபார்க்காவிட்டால் 15 நிமிடத்துக்கு மேல் ஏறாது. சரிபார்த்த பின் 12 மணிநேரம் அல்லது 256 ஜிபி வரை. 'அன்லிஸ்டெட்' என்பதைப் பூட்டு என்று நினைக்க வேண்டாம். தேடலில் வராது, அவ்வளவே. இணைப்பு கையில் உள்ள எவரும் பார்க்கலாம், அதை எவருக்கும் அனுப்பலாம். பொது பிளேலிஸ்டில் சேர்த்தால் அங்கிருந்தும் வெளியே தெரியும்.

விளக்கப் பெட்டியில் நேரக்குறி போடுங்கள். முதலாவது 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. அப்போதுதான் அத்தியாயமாகப் பிரியும். 50 நிமிடத்தில் 'நேரிசை வெண்பா' எங்கே என்று பிள்ளை தேட வேண்டியதில்லை.

இன்டர்நெட் ஆர்க்கைவ் (இலவச இணைய நூலகம்): மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளும், சிறிய வடிவங்களை அதுவே செய்து தரும், கணக்கு இல்லாமலே இறக்கலாம். ஆனால் அங்கே ஏற்றுவது உலகத்துக்கே கொடுப்பது. வகுப்புக்குள் மட்டும் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கீழ்க்கோடும் மட்டும். தமிழ்ப் பெயர் வைத்து ஜிப் செய்தால் பழைய விண்டோஸில் உடைந்துவிடும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் வைத்தால் தானே அடுக்கிக்கொள்ளும். தமிழ்த் தலைப்பு விவரப் பெட்டிக்குள் இருக்கட்டும். மூலக் கோப்பு இரண்டு வேறு சாதனத்திலும், மூன்றாவது பிரதி வேறு கட்டிடத்திலும் இருக்க வேண்டும். யூடியூப்பைப் பிரதியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது திருப்பித் தருவது பெரும்பாலும் சுருக்கிய கோப்பைத்தான்.

#11 மூணாறு லயம்

மாஷ், ஒண்ணு மட்டும். 50 நிமிஷத்தை ஒரே கோப்பா வேண்டாம். ஒலியை மூணாப் பிரிச்சுக் கொடுங்க, ஒண்ணு 6 எம்பி. பாதியில சிக்னல் போனா மறுபடி முதல்ல இருந்து இறக்கணும், அது 6 எம்பியோட போகட்டும்.

#12 சட்டப்புள்ளி

உரிமை பற்றி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 'நிகழ்த்துநர்' என்பதற்குத் தரும் பட்டியலைப் பாருங்கள்: நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், பாம்பாட்டி, விரிவுரை ஆற்றுபவர். ஆம், பாம்பாட்டிக்கு அடுத்த இடம் விரிவுரையாளருக்கு. பிரிவு 2(க்யூக்யூ).

அதன் பயன் என்ன? வகுப்பெடுப்பவருக்குப் பிரிவு 38-இன்படி நிகழ்த்துநர் உரிமை உண்டு. நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டு. அவர் ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்து வெளியிடுவது அந்த உரிமையை மீறுவது. பிரிவு 39 விலக்கு தருகிறது: தன் சொந்தப் பயனுக்காகவோ, உண்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் மட்டுமோ பதிவு செய்தால் மீறல் ஆகாது. ஆகவே மாணவர் தன் போனில் பதிவு செய்து வீட்டில் கேட்பது ஒன்று, அதை யூடியூப்பில் ஏற்றுவது வேறொன்று.

உரையின் பதிப்புரிமை யாருக்கு என்பது தனிக் கேள்வி. பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் பகுதியாக உருவாக்கியது, மாறான உடன்பாடு இல்லையென்றால், பிரிவு 17(சி)-யின்படி முதலில் நிறுவனத்துக்குப் போகும். பொதுவில் ஆற்றும் உரைக்கு 17(சிசி) பேசியவரையே உரிமையாளர் ஆக்குகிறது. வகுப்பறை 'பொது' ஆகுமா என்று இங்கே வாதம் செய்து பயன் இல்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதி ஆசிரியரும் முதல்வரும் கையெழுத்திட்டால் இரண்டு பக்கமும் அடைபடும். கெஸ்ட் லெக்சரருக்கு இது இன்னும் முக்கியம், அவர் அடுத்த ஆண்டு வேறு கல்லூரியில் இருப்பார்.

கடிதத்தில் வர வேண்டியவை: எந்தத் தாள், எந்த வகுப்புகள்; யார் பார்க்கலாம்; எத்தனை காலம்; வெட்டி ஒட்டலாமா; எந்த உரிமம்; ஆசிரியர் நீக்கச் சொன்னால் எத்தனை நாளுக்குள் நீக்குவது.

#13 காலர்மைக்

அப்ப மகுடி நம்ம கையில, பாம்பு யாருன்னு மட்டும் சொல்லிடுங்க சார்.

#14 சோகநாசினிக்கரை

பின் பெஞ்சுதான், வேற யாரு.

சார், இரண்டு சந்தேகம். பாடத்தில் வரும் செய்யுள், உரை, சினிமாப் பாட்டு உதாரணம் இதெல்லாம் பதிவில் வரலாமா? பிள்ளைகளின் குரல், முகம்?

#15 சட்டப்புள்ளி

நூலாசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூலுக்குத் தடை இல்லை. சங்கப் பாட்டு, நச்சினார்க்கினியர் உரை பற்றிக் கேள்வியே எழாது. உ.வே.சா. 1942-இல் மறைந்தார், அவர் எழுதியவற்றின் காலம் 2002-உடன் முடிந்தது. தற்காலக் கவிதையில் சில வரி எடுத்து விளக்குவது விமரிசனத்துக்கான நியாயமான பயன்பாடு, பிரிவு 52(1)(ஏ). முழுத் தொகுப்பையும் ஸ்லைடில் ஸ்கேன் செய்து காட்டி அதை உலகுக்கு ஏற்றுவது அந்தக் குடைக்குள் வராது. 52(1)(ஐ) கற்பித்தலின் போக்கில் பிரதி எடுக்க இடம் தருகிறது. 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கில் அதற்கு விரிவாகவே பொருள் கொண்டது. ஆனால் அது மாணவருக்கான பாடத் தொகுப்பு பற்றிய வழக்கு, பொது இணையம் பற்றியதன்று.

சினிமாப் பாட்டை வகுப்பில் போடுங்கள், பதிவில் வெட்டிவிடுங்கள். சட்டம் எப்படி இருந்தாலும் யூடியூப்பின் தானியங்கி அடையாளம் காணும் முறை வாதம் கேட்காது.

பிள்ளைகள்: காமிரா ஆசிரியரையும் பலகையையும் மட்டும் பார்க்கட்டும். 18 நிரம்பாதவர் இருந்தால் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் முகமோ பெயரோ வரக் கூடாது. வருகைப் பதிவு எடுப்பது பதிவில் வேண்டவே வேண்டாம், அந்த இரண்டு நிமிடம் முடிந்த பிறகு தொடங்குங்கள்.

#16 காலர்மைக்

பிள்ளைங்க கேள்வி எப்படியும் காலர் மைக்கில் சரியா விழாது. கேள்வியை டீச்சர் தன் வாயால் திருப்பிச் சொல்லிட்டுப் பதில் சொல்லட்டும். கேக்குறவனுக்கும் புரியும், பிள்ளை குரலையும் வெட்டிடலாம்.

#17 நூலக_மாஷ்

உரிமம் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். என்பிடெல் (ஐஐடி-களின் இணையப் பாடத் திட்டம்) தன் பாடங்களைப் பங்கிட்டு மாற்றவும் அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் தருகிறது. எம்ஐடி திறந்த பாடத்திட்டம் வணிகப் பயன் கூடாது என்ற நிபந்தனையும் சேர்க்கிறது. பயத்தில் பலர் 'மாற்றக் கூடாது' என்ற வகையை எடுக்கிறார்கள். அதை எடுத்தால் யாராவது மலையாள வசன வரி (சப்டைட்டில்) சேர்த்து வெளியிடுவதும் தடைபடும். எதை எடுத்தாலும் ஒன்று நினைவிருக்கட்டும்: கொடுத்த உரிமத்தை, ஏற்கெனவே எடுத்துக்கொண்டவரிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. முதல் ஆண்டு உரிமம் போடாமலே வகுப்புக்குள் ஓடட்டும், பிறகு பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

கேரளத்தில் முன்மாதிரி இருக்கிறது. 2020 ஜூன் 1 முதல் அரசுக் கல்விச் சேனலான விக்டர்ஸின் ஃபர்ஸ்ட் பெல் பள்ளி வகுப்புகள் நடந்தபோது தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் பாடங்கள் தயாரானது நினைவிருக்கும். கல்லூரித் தமிழுக்கு எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று இல்லை, துறைகள்தான் செய்துகொள்ள வேண்டும்.

#18 குப்பம்_ரயிலடி

வசன வரி போடுவதா இருந்தால் இதைக் கேளுங்க. 2022-இல் வந்த விஸ்பர் (பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்) இலவசம், தமிழ் தெரியும், நெட் இல்லாமலும் ஓடும். நம்ம எல்லைப்புறத்துக்கு ஒரு கண்ணி இருக்கு. மொழியைத் தானே கண்டுபிடிக்க விட்டால் அது முதல் 30 நொடியை மட்டும் பார்த்து முடிவு பண்ணும். டீச்சர் மலையாளத்தில் 'எல்லாவரும் இரிக்கூ'ன்னு தொடங்கினா முழு வகுப்பையும் மலையாள எழுத்தில் கொட்டும். இங்கே எங்க பக்கம் அதே கதை தெலுங்கில். மொழி: தமிழ்னு கையால் கொடுங்க.

மௌனமான இடத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும், ஆசிரியர் பலகையில் எழுதுற நேரத்தை வெட்டிட்டுக் கொடுத்தால் குறையும். சிறிய மாடல் தமிழைக் குதறும். பெரிய மாடலுக்கு 10 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் வேணும், துறை லேப்டாப்பில் நடக்காது. செய்யுளை அது எழுதினதை நம்பவே வேண்டாம், அந்த இடத்தில் அச்சுப் பாடத்தை எடுத்து ஒட்டுங்க. 50 நிமிஷ வகுப்பைத் திருத்த மூணு மணிநேரம் ஒதுக்குங்க.

எஸ்ஆர்டி (வசன வரிக்) கோப்பை நோட்பேடில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8. ஆன்சி (ANSI) ஆகச் சேமிச்சா தமிழ் கேள்விக்குறியா வரும். ஒரு வரிக்கு 30 எழுத்துக்குள், அதிகம் இரண்டு வரி. ஆங்கில வசனத்துக்குச் சொல்ற 42 தமிழுக்குப் பொருந்தாது, நம்ம எழுத்து அகலம்.

#19 சோகநாசினிக்கரை

எல்லாம் குறிச்சுக்கிட்டேன். கடைசியா ஒன்று, கேட்கச் சங்கடமா இருக்கு. காலர் மைக்னு சொல்றீங்க, சேலையில் காலர் எங்கே? முந்தானையில் குத்தினால் உரசுது.

#20 காலர்மைக்

இதுல என்ன சங்கடம் டீச்சர், முதல்ல நானே சொல்லியிருக்கணும்.

முந்தானை வேண்டாம். ப்ளவுஸ் கழுத்து ஓரத்தில், முந்தானை இல்லாத வலது பக்கம், தாடைக்குக் கீழே ஒரு சாண். தாலிக்கொடியும் மாலையும் மைக்கில் தட்டாத இடமாப் பாருங்க, தட்டினா ஒவ்வொரு அசைவுக்கும் டிக் டிக்னு விழும். கொடியை ப்ளவுஸுக்குள் விட்டுக்குங்க. பட்டும் கஞ்சி போட்ட பருத்தியும் சரசரக்கும், பதிவு நாளில் மெத்துன்னு துவைச்ச சேலை நல்லது. கிளிப்புக்குக் கீழே வயரில் ஒரு சின்ன வளையம் விட்டு, மருந்துக்கடையில் கிடைக்கிற காகித டேப்பால் துணியின் உள்பக்கம் ஒட்டிடுங்க. வயர் இழுபட்டாலும் அதிர்வு அந்த வளையத்தோட நின்றுவிடும், மைக் வரை ஏறாது.

ஈயர்போன் மாட்டிக்கிட்டு, தலையை இடம் வலம் திருப்பி, பலகைப் பக்கம் திரும்பி நின்று எழுதிக்கிட்டே பேசி, ரெண்டு நிமிஷம் சோதனை பதிவு எடுத்துப் பாருங்க. பலகைப் பக்கம் திரும்பும்போது குரல் ரொம்ப அமுங்கினா மைக்கைக் கழுத்து நடுவுக்கு நகர்த்துங்க.